மாலை முழுவதும் பால் கேட்டு அழும் ஐந்து வாரக் குழந்தை: தாய்ப்பாலுடன் வேறு பால் சேர்க்க வேண்டுமா?

வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பிறந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. அறுவை சிகிச்சைப் பிரசவம். பிறந்தபோது அவள் எடை 2.9 கிலோ, ஐந்தாம் நாள் வீடு திரும்பியபோது 2.7 கிலோ. அதன் பிறகு எடை பார்க்கும் வாய்ப்பு அமையவில்லை. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் குடித்துவிட்டு நன்றாகவே உறங்குகிறாள். பிற்பகல் நான்கு மணிக்கு மேல் நிலைமை மாறிவிடுகிறது. நள்ளிரவு வரை மார்பை விட்டு விலகுவதில்லை. தூளியில் கிடத்திய சில நிமிடங்களிலேயே கையைச் சூப்பிக்கொண்டு அழத் தொடங்குகிறாள்.

முதல் இரண்டு வாரங்களில் பால் கட்டிக் கனத்திருந்த மார்பு இப்போது தளர்ந்துவிட்டது. பம்ப் வைத்து எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 30 மி.லி. தேறுவதில்லை. காம்பில் வெடிப்பும், குழந்தை வாய் வைத்தவுடன் உயிர் போகும் வலியும் இருக்கின்றன. இரவில் மட்டும் பவுடர் பால் கொடுத்தால் குழந்தையும் உறங்கும், நானும் உறங்கலாம் என்று என் மாமியார் அக்கறையோடு சொல்கிறார். பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்துக் கொடுக்கும்படி பெரியம்மா சொல்கிறார். எனக்குப் பால் போதவில்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கூடுதலாகக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் எதை, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கொங்குமலர்

சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே என் மகனுக்கும் பார்த்திருக்கிறேன். மாலை நேரத்தில் விட்டுவிட்டுப் பல முறை குடிப்பது இந்த வயதுக் குழந்தைகளின் இயல்பு. இரண்டாவது மூன்றாவது வாரத்தில் ஒருமுறையும், ஆறாவது வாரத்தை ஒட்டி ஒருமுறையும், மூன்றாம் மாதத்தில் ஒருமுறையும் குழந்தைகள் திடீரென்று அதிகமாகக் குடிப்பார்கள். அந்தச் சில நாட்களில் கேட்கும்போதெல்லாம் கொடுத்துவந்தால் பால் சுரப்பு தானாகவே உயரும். தயவுசெய்து பவுடர் பாலைத் தொடாதீர்கள். ஒருமுறை தொடங்கினால் நிறுத்துவது கடினம். உங்கள் பால் நிச்சயமாகப் போதுமானதாகவே இருக்கும்.

பேறுகாலச்செவிலி

அம்மா, அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். உங்கள் கேள்வியில் இருக்கும் ஒவ்வொரு அறிகுறியையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். ஏனென்றால் அவற்றில் சில கவலைக்குரியவையே அல்ல. ஒன்றிரண்டு கட்டாயம் கவனிக்க வேண்டியவை.

மார்பு தளர்ந்திருப்பதைக் கண்டு பால் வற்றிவிட்டது என்று எண்ணாதீர்கள். முதல் வாரங்களில் காணும் கனமும் கட்டும் பாலால் மட்டும் உண்டாவதில்லை. அப்போது மார்பில் நீரும் இரத்த ஓட்டமும் கூடியிருக்கும். குழந்தையின் தேவைக்கு ஏற்பச் சுரப்பு ஒழுங்குபட்டதும், அதாவது நான்கு முதல் ஆறு வாரங்களில், மார்பு மென்மையாகிவிடுவதே வழக்கம். பம்பில் வரும் அளவும் சரியான அளவுகோல் ஆகாது. வாயால் நன்றாகப் பற்றி உறிஞ்சும் குழந்தை எடுக்கும் பாலைப் பம்ப் எடுப்பதில்லை. அதிலும் குழந்தை குடித்து முடித்த உடனே எடுத்தால் 30 மி.லி. என்பது குறைவான அளவே அல்ல. அழுகையையும் பசியின் அளவாகக் கொள்ள முடியாது. தலையைத் திருப்பி வாயைத் திறந்து தேடுவதும் கையை வாய்க்குக் கொண்டுபோவதும் பசியின் தொடக்க அடையாளங்கள். அழுகை கடைசியில் வருவது. அது பசியால் மட்டும் வருவதும் அல்ல.

அப்படியானால் எதைப் பார்ப்பது? உள்ளே எவ்வளவு போகிறது என்பதை நம்மால் அளக்க முடியாது; வெளியே வருவதையும் எடையையும் பார்க்கலாம். முதல் வாரம் கடந்த குழந்தை ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்க வேண்டும். அது வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும். துணியில் செங்கல் நிறப் பொடி போன்ற கறை முதல் மூன்று நான்கு நாட்களுக்குப் பிறகும் தென்பட்டால் பால் போதவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். முதல் மாதத்தில் தினமும் மூன்று நான்கு முறையாவது மஞ்சள் நிறத்தில் இளகலாக மலம் போவது நல்லது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு சில குழந்தைகள் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை போவதுண்டு. அப்போது அந்தக் கணக்கு பொருந்தாது. டயப்பர் போட்டால் எத்தனை முறை நனைந்தது என்பது தெரியாமல் போகும். ஆகையால் இரண்டு நாட்களுக்கு மட்டும் துணியைக் கட்டி எண்ணிப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் முதன்மையானது எடை. பிறந்த எடையிலிருந்து முதல் சில நாட்களில் 7 விழுக்காடு வரை குறைவது இயல்பு. 10 விழுக்காட்டை நெருங்கினால் மருத்துவர் பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்குக் குறைந்தது ஏறத்தாழ 7 விழுக்காடு. அதில் தவறு காணமுடியாது. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்ப எட்டி, அதன் பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை கூடிவர வேண்டும். உங்களுக்கு இந்தத் தகவல்தான் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உங்கள் மருத்துவரிடமோ சென்று, உடையில்லாமல் எடை பார்த்து, தாய் சேய் நல அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே தராசில் பாருங்கள். தராசுக்குத் தராசு நூறு கிராம் வரை மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

என்னைக் கவலைப்பட வைப்பது உங்கள் காம்பின் வெடிப்பு. சரியாகப் பற்றிக் குடிக்கும் குழந்தை ஐந்தாவது வாரத்தில் காம்பைப் புண்ணாக்காது. காம்பை மட்டும் கவ்விக் குடிக்கும் குழந்தைக்குப் பால் இருந்தும் குறைவாகவே கிடைக்கும். அதனால் அது நெடுநேரம் மார்பிலேயே கிடக்கும். அப்படி மிச்சம் நிற்கும் பால், இனிச் சுரக்க வேண்டாம் என்று மார்புக்கே சொல்லிவிடும். எனவே, யாராவது ஒருவர் நீங்கள் பால் கொடுப்பதை நேரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எடை தெரியும் முன் எந்தப் பாலையும் சேர்க்க வேண்டாம். அதே நேரத்தில் எடை பார்ப்பதை நாளை மறுநாளுக்கு மேல் தள்ளவும் வேண்டாம்.

நெய்தல்நிலம்

கொங்குமலர் அவர்களின் ஆறுதல் நல்ல உள்ளத்தோடு சொல்லப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் "நிச்சயமாகப் போதும்" என்று குழந்தையைப் பார்க்காத நாம் எவரும் சொல்லக்கூடாது என்று பணிவோடு தெரிவிக்கிறேன். என் அக்காவின் குழந்தை அழவே இல்லை. பால் குடிக்கத் தொடங்கிய சற்று நேரத்தில் உறங்கிவிடும், எழுப்பினாலும் எழாது. சமர்த்துக் குழந்தை என்று எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தோம். ஆறாம் நாள் கண்ணும் உடலும் மஞ்சளாகி, சிறுநீர் ஒருமுறையோ இரண்டு முறையோ மட்டும் போனபோதுதான் மருத்துவமனைக்கு ஓடினோம். உடலில் நீர் வற்றி இரத்தத்தில் உப்பின் அளவு ஏறியிருந்தது. அங்கே பவுடர் பாலைக் கொடுத்துத்தான் குழந்தையை மீட்டார்கள். வேறெதையும் தொடவே கூடாது என்று முன்பு எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்த அறிவுரை அந்த நேரத்தில் உதவவில்லை.

பசித்த குழந்தை அழும் என்பது பாதி உண்மை. மிகவும் பசித்துச் சோர்ந்த குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் உறங்கும். இந்த இழையைப் பிற்காலத்தில் படிக்கும் தாய்மாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

பேறுகாலச்செவிலி

நெய்தல்நிலம் சொல்வது முழுக்கச் சரி. அதைச் சேர்க்காமல் விட்டால் என் பதிவு முழுமை பெறாது. எழுப்பியும் பால் குடிக்க மறுக்கும் குழந்தை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாத குழந்தை, உச்சிக்குழி உள்வாங்கிய குழந்தை, மஞ்சள் நிறம் கால் வரை இறங்கிய குழந்தை, காய்ச்சல் கண்ட அல்லது உடல் குளிர்ந்த குழந்தை என இவர்களில் எவரையும் இணையத்தில் கேட்டுக்கொண்டு வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இரவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குறைமாதத்தில், அதிலும் 34 முதல் 36 வாரங்களில் பிறந்த குழந்தைகள், பார்வைக்கு முழுமாதக் குழந்தைகளைப் போலவே இருந்தாலும் உறிஞ்சும் வலு இல்லாதவர்கள். அவர்களிடம் இரட்டிப்பு விழிப்பு தேவை.

தஞ்சைப்பாட்டி

அம்மாடி, நான் பெற்றது நான்கு. பேரப்பிள்ளைகளுக்குப் பேறுகாலம் பார்த்தது அதைவிட அதிகம். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்கள், பாலும் அப்படித்தான். நேரம் பார்க்காமல் பிள்ளையை மார்பில் போடு. பூண்டுக் குழம்பும் பால் சுறாப் புட்டும் முருங்கைக் கீரையும் சாப்பிடு. எங்கள் வீடுகளில் பால் போதாத பிள்ளைக்குப் பசும்பாலில் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, கொஞ்சம் சர்க்கரை சேர்த்துச் சங்கில் புகட்டினோம். பிள்ளைகள் நன்றாகத்தான் வளர்ந்தார்கள். டப்பாவில் வரும் பவுடரை விடக் கண்முன்னே கறக்கும் பால் எப்படிக் கெடுதலாகும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் எனக்கும் விளங்கும்படி சொல்ல வேண்டும்.

குழந்தைநலமருத்துவர்

அம்மா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு மரியாதையோடு விடை சொல்ல வேண்டியது என் கடமை. பசுவின் பால் கன்றுக்காக அமைந்தது, கன்று மிக விரைவாக வளர்வதால் அந்தப் பாலில் புரதம் தாய்ப்பாலில் இருப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்கிறது, உப்புகளும் அதிகம். பிஞ்சுச் சிறுநீரகம் அதை வெளியேற்றப் பாடுபடுகிறது. இரும்புச்சத்து மிகவும் குறைவு. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவும் ஏற்படும். தண்ணீர் சேர்த்தால் புரதமும் உப்பும் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அதனோடு வளர்ச்சிக்குத் தேவையான ஆற்றலும் குறைந்துவிடுகிறது. வயிறு நிறைந்து உடல் வாடுகிறது. ஆகையால் ஒரு வயது வரை பசும்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுக்க வேண்டாம் என்கிறோம். நன்றாக வளர்ந்த பிள்ளைகளை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தக் காலத்தில் வயிற்றுப்போக்கில் இழந்த பிள்ளைகளும் பல குடும்பங்களில் உண்டு.

பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவிச் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், உரை மருந்து, கழுதைப்பால் ஆகிய எதுவும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேவையில்லை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். கழுதைப்பாலைக் காய்ச்சாமல் புகட்டுவதால் தொற்று வருகிறது.

சங்கைப் பற்றி மட்டும் நீங்கள் சொன்னதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். புட்டியை விடச் சங்கும், பாலாடை எனப்படும் மூக்குள்ள சிறு கிண்ணமும் கழுவுவதற்கு எளியவை. குழந்தைக்கு ரப்பர் காம்பின் பழக்கமும் ஏற்படுவதில்லை. பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் நாங்கள் இன்றும் பாலாடையைத்தான் பயன்படுத்துகிறோம்.

இனிக் கேள்வியைக் கேட்ட தாய்க்கு வருகிறேன். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை சரியானது. அதையே நானும் ஒவ்வொரு தாயிடமும் சொல்கிறேன். ஆனால் மருத்துவக் காரணம் இருக்கும்போது கூடுதல் பால் கொடுப்பதையும் அதே நிறுவனம் ஏற்கிறது. அப்படிக் கொடுக்கும்போது ஒரு வரிசை உண்டு. முதலில் தாயிடமிருந்தே பீய்ச்சி எடுத்த பால்; அது இல்லாவிட்டால் தாய்ப்பால் வங்கியில் பதப்படுத்திய பால்; அதுவும் கிடைக்காவிட்டால் பிறந்த குழந்தைக்கென்று தயாரிக்கப்பட்ட பவுடர் பால். இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. இன்று எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை உள்படத் தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் இவை உள்ளன. எனினும் அந்தப் பால் குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்குமே முதலில் போய்ச் சேரும். வீட்டில் இருக்கும் முழுமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் கிடைக்காது. எனவே நடைமுறையில் முதலாவதும் மூன்றாவதும்தான் உங்கள் முன் இருக்கும்.

பவுடர் பாலுக்கு விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரி கொடுப்பதையும் தடுக்க 1992இலேயே நாம் சட்டம் இயற்றி, 2003இல் அதை மேலும் இறுக்கியிருக்கிறோம். தேவையில்லாத வீடுகளுக்குள் அது நுழையாமல் காப்பதற்காக வந்த சட்டம் அது. தேவைப்படும் குழந்தைக்குக் கொடுக்கும் தாயைக் குற்றவாளியாக்குவது அதன் நோக்கமே அல்ல.

இரட்டையர்தாய்

மருத்துவரின் கடைசி வாக்கியத்துக்காக அவருக்கு நன்றி கூறுகிறேன். பிரசவத்தின்போது எனக்கு மிகுந்த இரத்தப்போக்கு ஏற்பட்டது. குழந்தைகளும் இருவர். எவ்வளவு முயன்றும் என் பால் அவர்களின் தேவையில் பாதியைத் தாண்டவில்லை. உறவினர்கள் சாப்பாட்டைக் குறை சொன்னார்கள். மனம் வைத்தால் பால் வரும் என்றார்கள். பின்னர்தான் இரத்த இழப்பும், கண்டுபிடிக்கப்படாமல் இருந்த தைராய்டுக் குறைபாடும் காரணமாக இருந்தன என்று தெரிந்தது. மாத்திரை தொடங்கிய பின் ஓரளவு கூடியது. குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டும்வரை தாய்ப்பாலையும் பவுடர் பாலையும் சேர்த்தே கொடுத்தேன். கிடைத்த ஒவ்வொரு சொட்டுத் தாய்ப்பாலும் அவர்களுக்குப் பயன்பட்டது என்று என் மருத்துவர் சொன்னது எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

தோழி, ஒரு வழியை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மெல்லிய குழாயின் ஒரு முனையைப் பால் இருக்கும் கிண்ணத்திலும் மறுமுனையைக் காம்பின் ஓரத்திலும் வைத்து, குழந்தை மார்பில் குடிக்கும்போதே கூடுதல் பாலும் வாய்க்குள் போகும்படி செய்யலாம். குழந்தை மார்பை விடாமல் உறிஞ்சுவதால் சுரப்பும் தூண்டப்படும். முதல் சில முறை செவிலியர் உடனிருந்து கற்றுத்தர வேண்டும்.

வைகைக்கரை

உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இன்று காலை குழந்தைநல மருத்துவரிடம் சென்று வந்தோம். எடை 3.25 கிலோ. வீடு திரும்பிய நாளிலிருந்து கணக்கிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 18 கிராம் கூடியிருக்கிறது. ஆபத்தான நிலை இல்லை. ஆனால் போதுமானதும் இல்லை என்றார். துணியில் எண்ணியபோது சிறுநீர் ஆறு முறை போயிருந்தது. மார்பைப் பற்றுவதற்குத் தடையாக நாக்கின் அடியில் ஒட்டு எதுவும் இல்லை. நான் பால் கொடுப்பதைச் செவிலியர் அருகிலிருந்து பார்த்துவிட்டு, குழந்தை காம்பை மட்டும் பற்றுகிறாள் என்று பேறுகாலச்செவிலி அம்மா ஊகித்ததையே சொன்னார். எனக்குத் தைராய்டு பரிசோதனையும் இரத்தசோகைப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

தாய்ப்பால் கொடுத்த பிறகு ஒரு நாளில் நான்கு முறை, முறைக்கு 30 மி.லி. வீதம், பீய்ச்சிய பாலைப் பாலாடையில் கொடுக்க வேண்டும்; அந்த அளவு கிடைக்காவிட்டால் குறையும் பகுதிக்கு மட்டும் பவுடர் பால் என்பது மருத்துவரின் ஆலோசனை. ஒரு வாரம் கழித்து மீண்டும் எடை பார்க்க வேண்டும். இதை வீட்டில் எப்படி நடத்துவது என்பதில் எனக்குத் தெளிவு வேண்டும். பவுடர் பாலைத் தொடங்கினால் என் பால் குறைந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

பேறுகாலச்செவிலி

நல்ல மருத்துவரிடம் போயிருக்கிறீர்கள், அம்மா. முதலில் அளவைப் பார்ப்போம். இந்த வயதில் குழந்தைக்குத் தோராயமாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 150 மி.லி. பால் தேவை. உங்கள் மகளுக்கு அது ஏறத்தாழ 490 மி.லி. ஆகிறது. மருத்துவர் கூடுதலாகச் சொன்னது 120 மி.லி. மட்டுமே. அப்படியென்றால் நான்கில் மூன்று பங்கை உங்கள் மார்பிலிருந்தே அவள் எடுத்துக்கொள்கிறாள் என்று மருத்துவர் கருதுகிறார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பற்றும் விதத்தைத் திருத்துவதே பாதி மருத்துவம். நேராக உட்கார்ந்து, முதுகுக்கும் கைக்கும் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்க, அவள் வயிறு உங்கள் வயிற்றைத் தொடும்படி அணையுங்கள். நீங்கள் குனிந்து மார்பைக் கொண்டுபோக வேண்டாம். குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். காம்பால் மேலுதட்டைத் தொட்டு, கொட்டாவி விடுவதைப் போல் வாய் அகலத் திறக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு ஒரே அசைவில் அணைத்துக்கொள்ளுங்கள். தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்து, காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிந்தால் சரியான பிடி. வலித்தால் பொறுத்துக்கொண்டு தொடராதீர்கள். கடைவாயில் சுண்டு விரலை நுழைத்துப் பிடியை விடுவித்து மீண்டும் தொடங்குங்கள். அறுவை சிகிச்சைத் தழும்பில் அழுத்தம் படுகிறது என்றால், குழந்தையை உங்கள் கைக்கு அடியில் பக்கவாட்டில் வைத்தோ ஒருக்களித்துப் படுத்தோ கொடுக்கலாம்.

குடிக்கும்போது விழுங்கும் ஒலியைக் கவனியுங்கள். விழுங்குவது நின்று வெறுமனே சப்பத் தொடங்கினால் மார்பை முழுக் கையால் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். பால் மீண்டும் ஓடும். அதுவும் நின்றபின் அடுத்த பக்கத்துக்கு மாற்றுங்கள்.

உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். பவுடர் பாலால் தாய்ப்பால் குறைவதற்கு வழி ஒன்றுதான்: அதைக் குடித்த குழந்தை மார்பில் குடிக்க வேண்டிய முறையைத் தவறவிடுவது. ஆகையால் எந்த முறையிலும் முதலில் இரண்டு மார்பையும் கொடுத்துவிட்டு, அதன் பிறகே பாலாடையை எடுங்கள். இரவு ஒரு முறை நிறையப் புகட்டிவிட்டு ஆறு மணி நேரம் உறங்க வைக்கும் முறை வேண்டவே வேண்டாம். சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். இரவுப் பாலைத் தவறவிட்டால் இழப்பு பெரிது. கூடுதல் பால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடமாவது கையால் பீய்ச்சி எடுங்கள். காலையில் பால் அதிகமாக இருக்கும். அப்போது எடுத்து மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். 25 பாகை செல்சியசுக்கு மிகாத அறையில் நான்கு மணி நேரம் வைக்கலாம். நம் ஊர்க் கோடையில் அதை நம்பாமல் உடனே குளிர்பதனப் பெட்டியின் உட்பகுதியில் வையுங்கள், கதவில் வைக்க வேண்டாம். கொடுக்கும்போது அடுப்பில் காய்ச்சாமல், பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் நிறுத்திச் சூடேற்றுங்கள்.

பாலாடையில் புகட்டும்போது குழந்தை விழித்திருக்க வேண்டும்; தலை உயர்ந்திருக்க வேண்டும். கடைவாயில் சிறிது சிறிதாகச் சாய்த்து, விழுங்கிய பிறகே அடுத்ததைக் கொடுங்கள். மூக்கைப் பிடித்தோ அழும் வாயிலோ ஊற்றினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 30 மி.லி.யும் முடிக்க வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம்.

இன்னும் ஒன்று. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்றும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்றும் பல வீடுகளில் நீரைக் கட்டுப்படுத்துகிறார்கள். தாகம் எடுக்கும் போதெல்லாம் குடியுங்கள். தஞ்சைப்பாட்டி சொன்ன பூண்டையும் கீரையையும் மீனையும் விரும்பிச் சாப்பிடுங்கள். அவை நல்ல உணவு. ஆனால் குழந்தை பற்றுவதைத் திருத்தாமல் பத்தியத்தால் மட்டும் பால் கூடாது. பால் சுரக்க வைக்கும் மாத்திரைகளை மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம்.

குழந்தைநலமருத்துவர்

பவுடர் பால் கலக்கும் முறையை நான் எழுதுகிறேன், ஏனெனில் கெடுதல்கள் பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கின்றன. பிறப்பு முதல் ஆறு மாதம் வரைக்கான முதல் நிலைப் பவுடரையே வாங்குங்கள். பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல என்பதால், கொதித்த நீர் 70 பாகைக்குக் கீழே ஆறுவதற்குள் கலக்க வேண்டும்; அதாவது கொதிக்க வைத்து இறக்கிய அரை மணி நேரத்துக்குள். முதலில் நீரை அளந்து ஊற்றி, அதன் மேல் பவுடரைப் போடுங்கள். நம் நாட்டில் விற்கும் டப்பாக்களில் பெரும்பாலும் 30 மி.லி. நீருக்கு அந்த டப்பாவில் உள்ள கரண்டியால் தலைதட்டிய ஒரு கரண்டி. எனினும் உங்கள் டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் படித்து அதன்படியே செய்யுங்கள். பவுடர் சீக்கிரம் தீர்கிறது என்று நீரைக் கூட்டினால் குழந்தையின் எடை நின்றுவிடும். இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு கூட வரலாம். கெட்டியாகக் கலந்தால் மலச்சிக்கலும் நீர்வற்றலும் வரும். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். குழந்தை வாய் வைத்த மீதியை உடனே கொட்டிவிடுங்கள். பாலாடையையும் கிண்ணத்தையும் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, ஒவ்வொரு முறையும் கொதிக்க வைத்தே எடுங்கள்.

புதுத்தந்தை

கணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். பாத்திரங்களைக் கொதிக்க வைப்பது, ஏப்பம் விடச் செய்வது, நனைந்த துணிகளை எண்ணிக் குறிப்பது, பால் கொடுக்கும் மனைவியின் கையருகே தண்ணீர் வைப்பது ஆகியவற்றை ஆண்கள் ஏற்றுக்கொண்டால் இரவில் ஒரு மணி நேரமாவது தாய்க்கு மிச்சமாகும். ஆலோசனை சொல்லும் உறவினர்களிடம் மருத்துவர் சொன்னதை எடுத்துரைக்கும் பொறுப்பையும் கணவரே ஏற்க வேண்டும்.

வைகைக்கரை

இன்று ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குச் சென்றிருந்தோம். எடை 3.46 கிலோ, ஒரு வாரத்தில் 210 கிராம் கூடியிருக்கிறது. காம்பின் வெடிப்பு ஆறிவருகிறது. வாய் வைக்கும்போது இழுப்பதாக உணர்கிறேனே தவிர முன்பிருந்த வலி இல்லை. என் தைராய்டு அளவு சரியாக இருக்கிறது. இரத்தம் குறைவாக உள்ளதால் இரும்புச்சத்து மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். முதல் இரண்டு நாட்கள் பவுடர் பால் இரண்டு முறை தேவைப்பட்டது. இப்போது ஒரு முறையோடு நிற்கிறது. மீதியை என் பாலே ஈடுசெய்கிறது. மாமியார்தான் பாலாடையில் புகட்டுகிறார்; அவருக்கு இருக்கும் கைப்பக்குவம் எனக்கு வரவில்லை.

ஆனால் மாலை அழுகை இன்னும் இருக்கிறது. வயிறு நிறையக் குடித்த பிறகும் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை அழுகிறாள். இது பசியா, இல்லையா? கூடுதல் பாலை எப்போது, எப்படிக் குறைப்பது?

பேறுகாலச்செவிலி

மனம் நிறைந்த மகிழ்ச்சி, அம்மா. நாளொன்றுக்கு 30 கிராம் என்பது மிக நல்ல வளர்ச்சி. இப்படி எடை கூடும் குழந்தையின் மாலை அழுகை பசியால் வருவது அல்ல. குழந்தைகளின் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தணியும்; பகல் முழுவதும் கண்ட வெளிச்சமும் ஓசையும் மாலையில் அவளைச் சோர்வடையச் செய்யலாம். மார்பைக் கேட்டால் கொடுங்கள். ஆறுதலுக்காகக் குடிப்பதும் குழந்தையின் உரிமைதான். கேட்காதபோது தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்து, விளக்கைத் தணித்து, தோலோடு தோல் படும்படி நெஞ்சில் சாய்த்துக்கொண்டு நடக்கலாம். அழுகைக்கு விடையாகப் பாலாடையை மட்டும் எடுக்க வேண்டாம்.

குறைப்பதில் அவசரம் கூடாது. முதலில் அந்த ஒரு முறைப் பவுடர் பாலை 30லிருந்து 15 மி.லி.யாக்கி, மூன்று நாட்கள் துணிகளை எண்ணுங்கள். ஆறுக்குக் குறையாவிட்டால் அதை நிறுத்திவிட்டு, நான்காம் நாள் அதே தராசில் எடை பாருங்கள். எடை நாளொன்றுக்கு 20 கிராமுக்கு மேல் கூடிவந்தால் பீய்ச்சிய பாலிலும் ஒரு முறையைக் குறையுங்கள். இல்லாவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பி மருத்துவரைப் பாருங்கள். கடைசியாக விட வேண்டியது மாலைப் பொழுதில் கொடுக்கும் கூடுதல் பால். பீய்ச்சுவதை ஒரே நாளில் நிறுத்தினால் பால் கட்டிக்கொள்ளும். அதையும் படிப்படியாகவே விடுங்கள்.

குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையைப் பற்றிச் சுகாதார நிலையத்தில் இப்போது உங்களிடம் பேசுவார்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பாலைக் குறைக்கக்கூடும்; நீங்கள் தாய்ப்பால் கொடுப்பதையும், எடை காரணமாகக் கூடுதல் பால் சேர்த்துவருவதையும் அவர்களிடம் சொல்லி அதற்கேற்ற முறையைக் கேட்டு வாங்குங்கள். குழந்தைக்கு நாள்தோறும் 400 அலகு வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதியிருக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த எடையை இங்கே எழுதினால், எந்த முறையை முதலில் விடலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.